உரோமைக் கற்களில் வாசித்தவை

எங்கள் தந்தையார் கடற்கரையோரத்துச் சிற்றூர் ஒன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உபதேசியாராகப் பணியாற்றியவர். பூசை இலத்தீன் மொழியில் நடைபெற்ற அந்நாள்களில், பீடச் சிறுவர்களுக்கு மறுமொழிகளைக் கற்பிக்கும் பொறுப்பு அவருடையது. அதற்கென்று நீல அட்டையிட்ட குறிப்பேடு ஒன்றை வைத்திருந்தார். இலத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்துகளில் அழகாக எழுதி வைத்திருப்பார். "எத் கும் ஸ்பீரித்து துவோ", "தேயோ கிராத்சியாஸ்" என்று மாலை வேளைகளில் கோவில் திண்ணையிலிருந்து நாங்கள் கூவுவது கடல் வரைக்கும் கேட்கும். அதன் பொருள் என்னவென்று ஒரு நாள் நான் கேட்டேன். "நமக்குப் புரியாவிட்டால் என்ன? ஆண்டவருக்குப் புரியும், சொல்லு" என்றார். அவருக்கே பொருள் தெரியாதென்பதை நான் பெரியவனான பிறகே அறிந்தேன்.

அவர் 2024-ஆம் ஆண்டில், தம் 97-ஆம் வயதில் காலமானார். கல்லறையில் வைக்க வேண்டிய கல்லைக் குறித்து எங்கள் வீட்டில் மனத்தாங்கல் எழுந்தது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் தம்பி, பளபளக்கும் கறுப்புக் கிரானைட் பலகை ஒன்றில் தந்தையாரின் படம், அவர் பெற்ற பாராட்டுகள், பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள், அவரவர் பட்டங்கள் எல்லாம் பொன்னெழுத்தில் வர வேண்டுமென்று எழுதியனுப்பினான். அதைப் படித்த என் தங்கை, "இதில் அப்பா எங்கே இருக்கிறார்?" என்று ஒரே கேள்வி கேட்டாள். அன்று முதல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கல்லும் நடப்படவில்லை, முதலாண்டு நினைவுப் பூசையன்று அவருடைய கல்லறை வெறும் மண்மேடாகவே கிடந்தது.

இந்நிலையில், 2025-ஆம் யூபிலி ஆண்டில் உரோமைக்குத் திருப்பயணம் செல்லும் பேறு எனக்குக் கிட்டியது. புறப்படும் நாளில் தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அண்ணன், அங்கே கல்லிலெல்லாம் இலத்தீன் எழுதியிருக்குமே. அப்பாவுக்கு ஏற்ற நல்ல வாக்கியமாக ஒன்று பார்த்துக்கொண்டு வாருங்கள்" என்றான். நானும் தந்தையாரின் நீலக் குறிப்பேட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அன்பு வாசகர்களே, உரோமையில் இலத்தீனைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அது காலிலேயே இடறும். தெருவில் சாக்கடை மூடிகளின் மீதுகூட நான்கு எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கின்றன. "செனாத்துஸ் பொப்புலூஸ்குவே ரொமானுஸ்", அதாவது "உரோமை ஆட்சிமன்றமும் மக்களும்" என்பதன் முதலெழுத்துகள் அவை. பேரரசின் படைகள் கொடியில் தாங்கிச் சென்ற அதே எழுத்துகள்! அங்கே உயர்கல்வி பயின்று வரும் எங்கள் மறைமாவட்டத்து இளங்குரு ஒருவர் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார். நான் ஒவ்வொரு கல்லின் முன்னும் நின்று, "சுவாமி, இது என்ன?" என்று கேட்டதில் அவருக்குச் சலிப்பு ஏற்படாதது என் நல்வினை.

முதலில் புனித இராயப்பர் சதுக்கம். அதன் நடுவே, எகிப்திலிருந்து கொணரப்பட்ட ஏறக்குறைய 25 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக்கல் தூண் நிற்கிறது. நீரோ மன்னனின் விளையாட்டரங்கில் நின்ற தூண் இது. இராயப்பர் உயிர் துறந்ததற்கு இதுவே சாட்சி என்பது மரபு. பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1586-இல் இதனை இப்போதைய இடத்துக்கு மாற்றினார். தொமினிக்கோ பொந்தானா என்னும் பொறியாளர் நூற்றுக்கணக்கான ஆட்களையும் குதிரைகளையும் கொண்டு அவ்வேலையை முடித்தார். அதன் அடிப்பீடத்தில், "கிறிஸ்துஸ் வின்ச்சித், கிறிஸ்துஸ் ரெஞ்ஞாத், கிறிஸ்துஸ் இம்பெராத்" என்று பொறித்திருக்கிறார்கள். கிறிஸ்து வெல்கிறார், கிறிஸ்து அரசாள்கிறார், கிறிஸ்து ஆணை செலுத்துகிறார் என்பது பொருள். இதனை அப்பா பாடிக் கேட்டிருக்கிறேன். நீலக் குறிப்பேட்டிலும் இருந்தது, "ரெஞ்ஞாத்" என்பதில் ஓர் எழுத்துப் பிழையோடு.

அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் பேராலயத்தின் முகப்பு. அதன் குறுக்கே நீண்டு செல்லும் எழுத்துகள், அப்போஸ்தலர்களின் தலைவருக்கு மகிமையாக, உரோமையரான ஐந்தாம் சின்னப்பர் பொர்கேசே பாப்பரசர், 1612-ஆம் ஆண்டில், தம் ஆட்சியின் ஏழாம் ஆண்டில் இதை எழுப்பினார் என்று அறிவிக்கின்றன. ஆனால் நடுவாசலுக்கு நேர் மேலே கண்ணில் படுவது இராயப்பரின் பெயரன்று. பொர்கேசே என்னும் குடும்பப் பெயரே. அக்காலத்து உரோமையரும் இதைக் கண்டு முணுமுணுத்தார்களாம். எனக்குத் தம்பி அனுப்பிய கிரானைட் மாதிரி நினைவுக்கு வந்தது. சுவாமியிடம் சொல்லவில்லை.

மறுநாள் பந்தேயோன் என்னும் பழங்கோவிலைக் கண்டோம். வட்டக் கூரையின் உச்சியில் திறந்த துளை. அதன் வழியே இறங்கும் வெயில் சுவரில் மெல்ல நகர்கிறது. கி.பி. 609-இல் மரியன்னைக்கும் வேதசாட்சிகளுக்கும் நேர்ந்தளிக்கப்பட்டு ஆலயமானதால் இடிபடாமல் பிழைத்தது. முகப்பில், "லூசியுஸ் மகன் மார்க்குஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கொன்சுலாக இருந்தபோது இதனைச் செய்தான்" என்ற பொருளில் இலத்தீன் எழுத்துகள் உள்ளன. அக்ரிப்பாவின் அக்காலம் கி.மு. 27. ஆனால் இன்று நாம் காணும் கட்டடம் அவன் கட்டியதன்று. அவனுடையது அழிந்துபோக, ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்குப் பின் ஆதிரியான் பேரரசன் புதிதாகக் கட்டி முடித்தான். கட்டியவன் தன் பெயரைப் போடாமல், முந்தியவன் பெயரையே வைத்துவிட்டான். உலகை ஆண்டவனுக்கு இப்படியும் ஒரு மனமா என்று வியந்தேன்.

அதே மண்டபத்தில் வேறொரு கல்லும் இருக்கிறது. எட்டாம் உர்பானுஸ் பாப்பரசர் இம்மண்டபத்துக் கூரையின் வெண்கலத்தைப் பெயர்த்தெடுத்து உருக்கினார். அதைக் குறித்து 1632-இல் அவரே பதித்த கல் அது. "பயனற்ற அலங்காரங்கள்" வத்திக்கான் ஆலயத் தூண்களாகவும் கோட்டைக்குப் பீரங்கிகளாகவும் மாறியதாக அது பெருமிதத்தோடு கூறுகிறது. உரோமை மக்கள் விடவில்லை. "குவோத் நோன் பெச்செருந்த் பார்பரி, பெச்செருந்த் பார்பெரினி" என்று எழுதிவைத்தார்கள். "காட்டுமிராண்டிகள் செய்யாததைப் பார்பெரினிகள் செய்தனர்" என்று பொருள். பார்பெரினி என்பது அப்பாப்பரசரின் குடும்பப் பெயர். இத்தகைய குத்தல்களை ஒட்டுவதற்கென்றே நவோனா சதுக்கத்தின் அருகில் "பஸ்குவீனோ" என்னும் மூக்கும் கையும் உடைந்த பழஞ்சிலையொன்று 1501 முதல் நிற்கிறது. நாங்கள் போன அன்றும் அதன் பீடத்தில் இத்தாலிய மொழியில் தாள்கள் ஒட்டியிருந்தன. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்குச் சுவாமி சிரித்துவிட்டு, "ஐயா, அதை மொழிபெயர்த்தால் நான் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருக்கும்" என்றார்.

அதற்கு அண்மையிலேயே ஜெர்மானியருடைய ஆலயம் உள்ளது. அங்கே ஆறாம் ஆதிரியான் பாப்பரசரின் கல்லறையைக் கண்டோம். நெதர்லாந்தைச் சேர்ந்தவர், 1522-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, திருச்சபையின் நிர்வாகத்தைச் சீர்திருத்த முயன்று, உரோமையரின் வெறுப்புக்கு ஆளாகி, மறு ஆண்டே இறந்தவர். "அந்தோ! மிகச் சிறந்த மனிதனின் ஆற்றலும் எந்தக் காலத்தில் வந்து விழுகிறது என்பதைப் பொறுத்தே எவ்வளவு இருக்கிறது" என்ற கருத்தில் அக்கல் புலம்புகிறது. நல்லவர்தாம். ஆனால் இறந்தபின்னும் மனக்குறையைக் கல்லில் சுமந்துகொண்டிருப்பது எனக்கு என்னவோ போல் இருந்தது.

சேசு சபையாரின் தலைமை ஆலயத்தில் இஞ்ஞாசியாரின் கல்லறையை வணங்கிவிட்டு, எதிர்ப்புறத்துப் பீடத்துக்குச் சென்றோம். அங்கே, எங்கள் கடற்கரை மக்களுக்கு உரியவரான புனித சவேரியாரின் வலக்கரம் பேழையில் வைக்கப்பட்டுள்ளது. 1614-இல் கோவாவிலிருந்து அனுப்பப்பட்ட கரம் அது. முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோவதாக அவர் 1544-இல் கொச்சியிலிருந்து எழுதினார் அல்லவா? அந்தக் கைதான். எங்கள் குழுவிலிருந்த மூதாட்டி ஒருவர் அங்கேயே மண்டியிட்டு, "என் பாட்டன் முப்பாட்டன் தலையிலே தண்ணீர் ஊற்றின கை" என்று அழுதுவிட்டார். அவ்வாலயத்தில் எங்கு நோக்கினும், நம் அப்பங்களிலும் பீடத்துணிகளிலும் நாம் காணும் அந்த மூன்று எழுத்துகள். இலத்தீனில் "இயேசு மனிதரின் மீட்பர்" என்று அவற்றை விரித்துச் சொல்வது பிற்கால வழக்கம். உண்மையில் அவை கிரேக்க மொழியில் இயேசுவின் பெயரில் வரும் முதல் மூன்று எழுத்துகளே. சேசு சபைப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், கட்டுரை எழுதுமுன் தாளின் தலையில் "ஏ.எம்.டி.ஜி." என்றும், முடித்தபின் அடியில் "எல்.டி.எஸ்." என்றும் போடச் சொல்வார்கள். முன்னது "இறைவனின் மேலான மகிமைக்காக". பின்னது "இறைவனுக்கு என்றும் புகழ்". கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டும் இறைவனின் மேலான மகிமைக்காக என்று எழுதியவன் நான்.

மாலையில் பார்பெரினி சதுக்கத்துக்கு நடந்தோம். அங்கே மூலையில் சிறு தேனீ நீரூற்று இருக்கிறது. தேனீ அக்குடும்பத்தின் சின்னம். 1644-இல் பெர்னீனி என்னும் சிற்பி அமைத்த அந்த நீரூற்று கழற்றப்பட்டு, பிற்காலத்தில் மீண்டும் கட்டப்பட்டது. முதலில் அதன் கல்வெட்டில், எட்டாம் உர்பானுஸ் ஆட்சியின் 22-ஆம் ஆண்டில் கட்டப்பட்டதாகப் பொறித்தார்களாம். ஆனால் 22-ஆம் ஆண்டு தொடங்கச் சில வாரங்கள் இருந்தன. மக்கள் கேலி செய்யவே, ஓர் இலக்கத்தைச் செதுக்கி அகற்றினார்கள். பாப்பரசர் அந்த 22-ஆம் ஆண்டைக் காணவேயில்லை. அது பிறக்க எட்டு நாள் இருக்கையில், ஜூலை 29 அன்று இறந்துபோனார்.

நீரூற்றிலிருந்து சில அடி தூரத்தில் கப்புச்சின் சபையாரின் ஆலயம். ஏறக்குறைய 3,700 துறவிகளின் எலும்புகளால் அலங்கரிக்கப்பட்ட அதன் நிலவறையைக் காணவே பலரும் செல்கிறார்கள். நான் மேலே ஆலயத்திலேயே நின்றுவிட்டேன். நடுப்பீடத்துக்கு முன்னால் தரையில் ஒரு கல். பெயரில்லை, ஆண்டில்லை, தேனீக்கள் இல்லை. "ஹிக் யாச்செத் புல்விஸ், சினிஸ், எத் நிஹில்" என்று மட்டும் இருக்கிறது. இங்கே கிடப்பது தூசி, சாம்பல், ஒன்றுமில்லாமை. யாருடைய கல்லறை தெரியுமா? அதே உர்பானுஸ் பாப்பரசரின் உடன்பிறந்த தம்பி, கர்தினால் அந்தோனியோ பார்பெரினியுடையது! அண்ணனின் தேனீக்கள் உரோமை எங்கும் பறந்துகொண்டிருக்க, கப்புச்சின் துறவியாக வாழ்ந்த தம்பி 1646-இல் இவ்வளவோடு படுத்துக்கொண்டார். ஒரு தாயின் வயிற்றுப் பிள்ளைகள்! நெடுநேரம் அந்தக் கல்லருகே நின்றேன். ஆயினும் இதை ஊருக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. அப்பாவை "ஒன்றுமில்லை" என்று எழுத எந்தப் பிள்ளைக்குத்தான் கை வரும்? கர்தினால் தம்மைத் தாமே சொல்லிக்கொள்ளலாம். அவரைக் குறித்து மற்றவர் சொல்லக் கூடாது.

மூன்றாம் நாள் அப்பியா நெடுஞ்சாலை. வழியில் கொலோசியத்தின் அருகே கொன்ஸ்தாந்தீன் வளைவைக் கண்டோம். 312-இல் அவர் பெற்ற வெற்றிக்காக 315-இல் எழுப்பியது. "தெய்வீகத்தின் தூண்டுதலால்" வென்றார் என்று இரு சொற்களில் பொறித்திருக்கிறார்கள். எந்தத் தெய்வம் என்று சொல்லவில்லை. பழைய சமயத்தாரும் வாசித்து மகிழலாம், கிறிஸ்தவரும் மகிழலாம். அரசியல் அறிந்தவர் யாரோ எழுதியிருக்க வேண்டும்.

நகர வாயிலைத் தாண்டிச் சிறிது தொலைவில், "குவோ வாதிஸ்" ஆலயம். நீரோவின் கலாபனைக்கு அஞ்சி நகரைவிட்டு வெளியேறிய இராயப்பர், எதிரே வந்த ஆண்டவரைக் கண்டு, "குவோ வாதிஸ், தோமினே?" அதாவது "ஆண்டவரே, எங்கே போகிறீர்?" என்று கேட்டாராம். "மீண்டும் சிலுவையில் அறையப்பட உரோமைக்குப் போகிறேன்" என்று மறுமொழி வந்ததும் இராயப்பர் வந்த வழியே திரும்பிவிட்டார். விவிலியத்தில் இல்லாத பழைய மரபுக் கதைதான். ஆனால் தப்பி ஓடும் வழியில் நின்றே அதைக் கேட்கையில் மெய் சிலிர்த்தது. போலந்து நாவலாசிரியர் சியன்கியேவிச் இச்சொற்களையே தம் நூலுக்குத் தலைப்பாக்கி உலகெங்கும் பரப்பினார்; அவருடைய மார்பளவுச் சிலையும் உள்ளே உள்ளது.

பிறகு புனித கலிஸ்துவின் நிலத்தடிக் கல்லறைகளுக்குள் இறங்கினோம். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளத்துக்கு இருட்டுச் சந்துகள். இருபுறச் சுவர்களிலும் அலமாரித் தட்டுகளைப்போல் மண்ணில் வெட்டிய இடங்கள். எத்தனையோ சிறியவை, குழந்தைகளுக்கு உரியவை.

இங்கே சுவாமி ஒரு செய்தி சொன்னார். பழைய சமயத்து உரோமையர் சிலர் தம் கல்லறைகளில், "நான் இல்லாதிருந்தேன், இருந்தேன், இப்போது இல்லை, கவலையும் இல்லை" என்று எழுதுவது வழக்கமாம். அடிக்கடி எழுதியதால் அதற்கு முதலெழுத்துகளே போதுமானதாயிற்று. "மண் உனக்குப் பாரமின்றி இருப்பதாக" என்று அன்போடு எழுதியவர்களும் உண்டு. கிறிஸ்தவர்கள் அவற்றை விட்டு வேறு சொற்களைப் பிடித்தார்கள். அவற்றுள் ஒன்று "தெப்போசித்துஸ்". வங்கியில் போடும் பணத்துக்கு நாம் சொல்கிறோமே, அதே சொல். ஒப்படைக்கப்பட்டவர் என்று பொருள். மற்றொன்று "இன் பாச்சே", சமாதானத்தில். குழந்தைகளின் கற்களில், வாழ்ந்த ஆண்டுகளோடு மாதங்களையும் நாள்களையும் எண்ணி எழுதியிருப்பார்கள் என்றார். பட்டமோ பதவியோ இல்லாத ஏழைகள்; எழுத்துகள் கோணலாக, சில இடங்களில் பிழையாக. அந்தத் தாய் தந்தையர் நாள்களை எண்ணியதை நினைக்கையில் எனக்குத் தொண்டை அடைத்தது.

நம் ஊர்க் கல்லறைச் சிலுவைகளில் "ஆர்.ஐ.பி." என்று எழுதுகிறோமே, அது "ரெக்குயேஸ்காத் இன் பாச்சே" என்பதன் சுருக்கம், சமாதானத்தில் இளைப்பாறுவாராக. ஆங்கிலத்திலும் முதலெழுத்துகள் அவ்வாறே அமைந்துவிட்டதால், நெடுங்காலம் அதனை ஆங்கிலமென்றே நான் எண்ணியிருந்தேன். "நித்திய இளைப்பாற்றி" என்று நாம் மன்றாடுவதும் அதே சொல்லைத்தான். மேலே வந்து வெயிலில் ஒரு கல்லின்மேல் அமர்ந்து நீலக் குறிப்பேட்டைப் புரட்டினேன். இறந்தோர் பூசைக்குரிய பக்கத்தில், தந்தையாரின் கையெழுத்தில், "ரெக்குயேஸ்காந்த் இன் பாச்சே" என்று இருந்தது. பலருக்காகச் சொல்லும்போது அப்படித்தான் வருமென்று சுவாமி விளக்கினார். "உங்கள் அப்பா சரியாகத்தான் எழுதியிருக்கிறார், ஐயா" என்றும் சொன்னார்.

கடைசி நாளில் மரியன்னைப் பெருங்கோவில். "சாலூஸ் பொப்புலி ரொமானி", உரோமை மக்களின் நலம், என்னும் பழம்பெயர் பூண்ட அன்னையின் படம் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னும் பின்னும் அப்படத்தின் முன் வந்து நின்ற திருத்தந்தை பிரான்சிஸ், 2025 ஏப்ரல் 26 அன்று அதற்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். "மிசெராந்தோ அத்குவே எலிஜெந்தோ", இரக்கம் கொண்டு தேர்ந்துகொண்டு, என்பது அவருடைய விருதுவாக்கு. வரி தண்டுபவரான மத்தேயுவை ஆண்டவர் அழைத்ததைப் பற்றிப் புனித பேதா ஆற்றிய மறையுரையிலிருந்து எடுத்தது. அவருக்குப் பின் வந்துள்ள திருத்தந்தை பதினான்காம் லியோ, "இன் இல்லோ ஊனோ ஊனும்", அந்த ஒருவரில் நாம் ஒன்று, என்னும் புனித அகுஸ்தினாரின் கருத்தை ஏற்றிருக்கிறார்.

நீண்ட வரிசையில் நின்று கல்லறையை நெருங்கினோம். வெண்சாம்பல் நிறக் கல். பாப்பரசர் என்றில்லை, ஆண்டுகள் இல்லை, விருதுவாக்கும் இல்லை. "பிரான்சிஸ்குஸ்" என்ற ஒரே சொல். அலங்காரமின்றி மண்ணில் புதைத்துப் பெயர் மட்டும் எழுதுங்கள் என்று தம் இறுதி விருப்பத்தில் அவர் கேட்டுக்கொண்டபடியே செய்திருக்கிறார்கள். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி சீராக இல்லையென்று எழுத்துக்கலை வல்லுநர்கள் குறை சொன்னார்களாம். எனக்கு அது கண்ணில் படவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்களுக்காக நகர வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியதும் தங்கையையும் வரவழைத்து, தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, கண்டவற்றையெல்லாம் சொன்னேன். தேனீ நீரூற்றின் கதைக்குத் தம்பி சிரித்தான். நிலத்தடிக் கல்லறையைச் சொன்னபோது மௌனமாக இருந்தான். "அப்படியானால் இலத்தீன் வேண்டாமா, அண்ணன்?" என்று சற்று வருத்தத்தோடு கேட்டான். அப்போது தங்கை நீலக் குறிப்பேட்டைக் கையில் எடுத்து, "இலத்தீன் இருக்கட்டும். அப்பா எழுதினாரே, அதே மாதிரி தமிழ் எழுத்தில் இருக்கட்டும்" என்றாள். ஓராண்டுக்குப் பின் அவள் அவனோடு பேசிய முதற்பேச்சு அது.

கல்தச்சரிடம் நானே போனேன். ஞானஸ்நானப் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, அதன் கீழ் "இன் பாச்சே". தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அவர், "பாச்சே என்பது ஊர்ப் பெயரா, ஐயா?" என்று கேட்டார். பொருளைச் சொன்னேன். "அதையும் கீழே வெட்டிவிடுவோமே, படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டாமா?" என்றார். உடன் வந்திருந்த தங்கை, "வேண்டாம், அப்பாவுக்குப் புரியும்" என்றாள்.

எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அவர். முன்பு தம்பி அனுப்பிய நீண்ட பட்டியலைப் பார்த்திருந்தவராதலால், முகம் சற்று வாடிற்று. ஆயினும் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குள் கல்லை நட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டார். அப்படியே நட்டும் கொடுத்தார்.